தராசில் ஒரு கிலோ, வானத்தில் பின்தங்கல்: புரொப்பெல்லர் விமானத்தின் திறனும் வேகமும்

மாதிரி விமானம் செய்யும் கல்லூரி மாணவர்கள் சிலரோடு ஒருமுறை மைதானத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன். இரண்டு குழுக்கள், இரண்டு விமானங்கள். எடை ஏறக்குறைய ஒன்று. மின்கலத்திலிருந்து மோட்டார்கள் எடுத்துக்கொண்ட மின்சாரமும் ஏறக்குறைய ஒன்று. முன்னால் சுழலும் புரொப்பெல்லர் மட்டும்தான் வேறு. முதல் குழுவினுடையது 11 அங்குல விட்டம். அதன் இலைகள் தட்டையாகப் படுத்திருந்தன. இரண்டாம் குழுவினுடையது 8 அங்குலம். இலைகள் நன்றாக முறுக்கேறியிருந்தன. வாலில் கொக்கித் தராசை மாட்டி, மோட்டாரை முழுமூச்சாக ஓடவிட்டார்கள். முதல் விமானம் தராசை ஒரு கிலோவுக்கு இழுத்தது. இரண்டாவது, 600 கிராமைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றுவிட்டது. போட்டி அங்கேயே முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். பறக்கவிட்டதும் இரண்டாவது விமானம் முதலாவதை வெகு எளிதாக முந்திக்கொண்டு போனது.

"தராசு பொய் சொல்கிறதா, சார்?" என்று ஒரு மாணவி கேட்டார்.

அருமையான கேள்வி. தராசு பொய் சொல்லவில்லை. நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் இழுப்பை அது சரியாகவே சொன்னது. பறக்கும் விமானத்தின் இழுப்பு வேறொன்று என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். இந்தக் குழப்பம் மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. "180 குதிரைத்திறன் இயந்திரம் எத்தனை கிலோ தள்ளும்?" "குதிரைத்திறனை இரண்டு மடங்காக்கினால் வேகமும் இரண்டு மடங்காகுமா?" என்ற கேள்விகளை விமானத்தை நேசிப்பவர்களே என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. இரண்டாவதற்கு விடை, இல்லை. காரணத்தைக் கீழே படிப்படியாகப் பார்ப்போம். பள்ளிக் கணக்கைத் தாண்டி எதுவும் தேவைப்படாது.

## விசை வேறு, திறன் வேறு

கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது புரிந்த விஷயம்தான். பத்து கிலோ எடையுள்ள வாளி, பத்து மீட்டர் ஆழம். கயிற்றில் கை உணரும் கனம்தான் விசை: இங்கே சுமார் 100 நியூட்டன். ஒரு கிலோ எடையைத் தாங்கிப் பிடிக்க ஏறத்தாழ 10 நியூட்டன் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது அதே வாளியைப் பத்து விநாடியில் மேலே கொண்டுவாருங்கள். பிறகு ஐந்தே விநாடியில் கொண்டுவாருங்கள். கயிற்றின் கனம் மாறவில்லை. ஆனால் இரண்டாவது முறை மூச்சு வாங்கும். மாறியது திறன், அதாவது ஒவ்வொரு விநாடியும் செய்து முடிக்கும் வேலையின் அளவு. முதல் முறை 100 வாட், இரண்டாவது முறை 200 வாட். கணக்கு எளிது: விசையை, அது நகரும் வேகத்தால் பெருக்கினால் திறன் வரும். குதிரைத்திறன் என்பதும் திறனின் அலகுதான். ஒரு குதிரைத்திறன் சுமார் 746 வாட்.

அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டியது கிடைக்கிறது: விசை என்பது திறனை வேகத்தால் வகுத்தது. கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் உறுமுகிறது, முதல் கியரில் பஸ் ஊர்ந்து ஏறுகிறது. வேகம் குறைவு, சக்கரத்தின் தள்ளு அதிகம். சமவெளியில் அதே இயந்திரம் அதே உறுமலோடு பஸ்ஸை விரட்டும்போது வேகம் அதிகம், தள்ளு குறைவு. திறன் ஒன்றேதான், அதை இழுப்பாகச் செலவிடுகிறோமா, வேகமாகச் செலவிடுகிறோமா என்பதே வித்தியாசம்.

விமானத்தை முன்னோக்கி இழுக்கும் விசைக்கு உந்துவிசை என்று பெயர். 100 கிலோவாட் திறன் பயனாக வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். விமானம் விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போனால் உந்துவிசை 2000 நியூட்டன். அதாவது 200 கிலோ தூக்கும் அளவு இழுப்பு. விநாடிக்கு 100 மீட்டரில் போனால் 1000 நியூட்டன்தான். இயந்திரம் சோர்ந்துபோகவில்லை. வேகம் கூடியதால், அதே திறனைப் பங்குபோட வேண்டிய தூரம் விநாடிக்கு விநாடி நீண்டுவிட்டது.

இதுவரை பார்த்ததன் சாரம் இவ்வளவே. இயந்திரம் தருவது திறன். விமானத்துக்கு வேண்டியது உந்துவிசை. திறன் மாறாதபோது வேகம் கூடக் கூட உந்துவிசை குறையும். ஆகவே "எத்தனை கிலோ தள்ளும்?" என்று கேட்டால், "எந்த வேகத்தில்?" என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

## காற்றைப் பிடித்துத் தள்ளுவது

பஸ்ஸின் சக்கரத்துக்குச் சாலை இருக்கிறது. புரொப்பெல்லருக்கு அப்படி உறுதியாகப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை; காற்று வழுக்கிக்கொண்டு போகும். கரையில் கட்டாத படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் நழுவுகிறதே, அந்த விதிதான் இங்கேயும். புரொப்பெல்லர் முன்னாலிருக்கும் காற்றைப் பிடித்துப் பின்னால் எறிகிறது. எறியப்படும் காற்று விமானத்தை முன்னால் தள்ளுகிறது. விநாடிக்கு எத்தனை கிலோ காற்றை எறிகிறோம், அதன் வேகத்தை எவ்வளவு கூட்டுகிறோம் என்ற இரண்டையும் பெருக்கினால் உந்துவிசை.

இதில் ஓர் அழகான நுணுக்கம் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து விநாடிக்கு 10 கிலோ காற்றை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எறிந்தால் 100 நியூட்டன் கிடைக்கும். 5 கிலோ காற்றை 20 மீட்டர் வேகத்தில் எறிந்தாலும் அதே 100 நியூட்டன்தான். ஆனால் செலவு? இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியில் ஏறுவதால், முதல் வழிக்கு 500 வாட், இரண்டாம் வழிக்கு 1000 வாட். பெரிய கையால் மெதுவாகத் தள்ளுவது சிக்கனம். சின்னக் கையால் விருட்டென்று தள்ளுவது விரயம். ஹெலிகாப்டரின் சுழலி அத்தனை அகலமாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். மைதானத்தில் 11 அங்குலப் புரொப்பெல்லர் தராசை அதிகம் இழுத்ததற்கும் இதுவேதான். 8 அங்குலத்தைவிட அது வாரும் பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ரைட் சகோதரர்கள் இதை எவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும். கப்பல் புரொப்பெல்லர்களுக்கு இருந்ததெல்லாம் அனுபவ அறிவு; விமானத்துக்கு எடுத்தாளக்கூடிய கோட்பாடு எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. புரொப்பெல்லர் என்பது சுற்றிச் சுற்றிப் பறக்கும் ஓர் இறக்கை என்று அவர்களே கண்டுகொண்டு கணக்குப் போட்டார்கள். 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக்கில் பறந்த விமானத்துக்கு வெறும் 12 குதிரைத்திறன் இயந்திரம். ஆனால் எட்டரை அடி விட்டத்தில் இரண்டு புரொப்பெல்லர்கள், சைக்கிளைப் போலச் சங்கிலி பூட்டி மெதுவாகச் சுற்றின. அவர்களுடைய புரொப்பெல்லர்கள் இயந்திரத் திறனில் முக்கால் பங்கைப் பயனாக மாற்றின. அந்தக் காலத்துக்கு அது எட்டாக்கனி.

கணக்கை நாமே சரிபார்க்கலாம். 12 குதிரைத்திறன் என்பது சுமார் 9 கிலோவாட். முக்கால் பங்கு என்றால் 6.7 கிலோவாட். காற்றைக் கிழித்துச் சென்ற வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ., அதாவது விநாடிக்கு 14 மீட்டர். வகுத்துப் பார்த்தால் 480 நியூட்டன். கிட்டத்தட்ட 49 கிலோ இழுப்பு. அவ்வளவில்தான் மனிதன் இயந்திரத்தோடு மேலே எழுந்தான்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிட வேண்டும். அந்த முதல் பயணத்தில் விமானம் 12 விநாடியில் 120 அடிதான் நகர்ந்தது. தரையைப் பொறுத்தவரை மணிக்கு 11 கி.மீ. வேகம். மீதி முழுக்க எதிர்க்காற்று. புரொப்பெல்லருக்கும் இறக்கைக்கும் தெரிந்தது காற்றைப் பொறுத்த வேகம் மட்டுமே. இந்தக் கட்டுரையில் வேகம் என்று வருமிடமெல்லாம் இந்தக் காற்றுவேகத்தையே குறிக்கிறேன்.

## நிற்கும் விமானமும் பூச்சியத்தால் வகுத்தலும்

கவனமாகப் படித்தவருக்கு இந்நேரம் ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். திறனை வேகத்தால் வகுத்தால் விசை என்கிறீர்கள். ஓடுபாதையில் பிரேக் போட்டு நிற்கும் விமானத்தின் வேகம் பூச்சியம். அப்படியானால் உந்துவிசை முடிவிலியா?

இல்லை. சூத்திரத்தில் வரும் திறன், இயந்திரம் தரும் திறன் முழுவதும் அல்ல. விமானத்தை நகர்த்துவதில் பயனாகும் பங்கு மட்டும். இந்தப் பங்குக்குப் பயனுறுதிறன் என்று பெயர். நிற்கும் விமானத்தில் அது சரியாகப் பூச்சியம். மேசை மின்விசிறி 50 வாட் மின்சாரம் எடுத்துக்கொண்டு நமக்குக் காற்று வீசுகிறது. மேசையை விட்டு ஓர் அங்குலமும் நகர்வதில்லை. அதன் திறன் முழுவதும் காற்றைக் கலக்குவதிலேயே போகிறது. பிரேக் போட்ட விமானமும் அந்த மின்விசிறிதான்.

விந்தை என்னவென்றால், பயனுறுதிறன் பூச்சியமாக இருக்கும் அந்தக் கணத்தில்தான் பெரும்பாலும் உந்துவிசை மிக அதிகமாக இருக்கிறது. பயனுறுதிறன் குறைவு என்றால் இழுப்பு குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. விமானம் ஓடத் தொடங்கியதும் உந்துவிசை மெல்ல இறங்குகிறது. பயனுறுதிறன் மேலே ஏறுகிறது. பறத்தலுக்கு ஏற்ற வேகத்தில் நல்ல புரொப்பெல்லர் 80 சதவீதத்தைத் தொடும். சில அதையும் தாண்டும்.

ஒரு நிஜ விமானத்தை வைத்துப் பார்ப்போம். உலகெங்கும் விமானப் பயிற்சிப் பள்ளிகளில் காணக்கூடிய செஸ்னா 172 குடும்பத்தில், 172எஸ் என்ற வகைக்கு 180 குதிரைத்திறன் இயந்திரம், 134 கிலோவாட். கடல்மட்டத்தில் அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 233 கி.மீ., அதாவது விநாடிக்கு 65 மீட்டர். 80 சதவீதம் பயனாகிறது என்று கொண்டால் உந்துவிசை ஏறத்தாழ 1650 நியூட்டன், 168 கிலோ. அதே விமானம் மணிக்கு 137 கி.மீ. வேகத்தில் மேலேறும்போது, இயந்திரம் முழுச் சுழற்சியை எட்டாமல் திறன் சற்றுக் குறைந்திருந்தும், உந்துவிசை தோராயமாக 240 கிலோ. இயந்திரம் ஒன்று, புரொப்பெல்லர் ஒன்று, விமானி தள்ளியிருக்கும் நெம்புகோலும் அதே இடத்தில். வேகம் மட்டும் வேறு.

## மழையில் ஸ்கூட்டர் ஓட்டுவது போல

உந்துவிசை குறைவதைக் கணக்காகச் சொல்லிவிட்டேன். ஆனால் புரொப்பெல்லரின் இலைக்கு உண்மையில் என்ன நேர்கிறது?

காற்றில்லாத நாளில் மழை நேராகக் கீழே விழுகிறது. ஸ்கூட்டரில் கிளம்பினால் அதே மழை முகத்தில் சாய்வாக அடிக்கிறது. மழை மாறவில்லை; நம் ஓட்டம் அதோடு சேர்ந்துகொண்டது. இலைக்கும் இதேதான். விமானம் நிற்கும்போது, இலை சுற்றும் திசையிலிருந்து மட்டும் காற்று எதிர்ப்படுகிறது. விமானம் ஓடத் தொடங்கியதும் முன்னாலிருந்தும் காற்று வந்து சேர்கிறது. இரண்டும் கலந்து, சாய்வாக இலையை அடைகின்றன.

இலையைச் சுழற்சித் தளத்திலிருந்து 20 பாகை சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விமானம் நிற்கும்போது இலை காற்றை 20 பாகையில் சந்திக்கிறது. வேகம் கூடி, வரும் காற்றே 15 பாகை சாய்ந்துவிட்டால் மிச்சம் 5 பாகைதான். இந்த மிச்சத்துக்குத் தாக்குகோணம் என்று பெயர். இறக்கைக்கு எப்படியோ இலைக்கும் அப்படியே: தாக்குகோணம் குறைந்தால் விசை குறையும். அளவுக்கு மீறிக் கூடினாலும் கேடு. காற்று இலையின் முதுகோடு ஒட்டி வழியாமல் பிய்ந்துகொண்டு சிதறும், உந்துவிசை கெடும்.

இலையின் சாய்வை வேறொரு விதமாகவும் சொல்வதுண்டு. பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாண்டவர்களுக்குப் புரியிடைத் தூரம் நினைவிருக்கும்: ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு முன்னேறும் தூரம். புரொப்பெல்லர் ஏதோ மெழுகில் திருகுவதுபோல முன்னேறினால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு போகுமோ, அதுவே அதன் புரியிடைத் தூரம். சுருக்கமாகப் புரி என்போம். செஸ்னா 172எஸ்-இன் புரொப்பெல்லர் 76 அங்குல விட்டம், 60 அங்குலப் புரி. உச்சச் சுழற்சி நிமிடத்துக்கு 2700. ஆக, மெழுகில் திருகுவதுபோலப் போயிருந்தால் விநாடிக்கு 68 மீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 247 கி.மீ. விமானத்தின் உச்ச வேகமோ 233. எவ்வளவு நெருக்கம்! இந்த இரண்டு எண்களும் இப்படி அருகருகே வந்து நிற்பது தற்செயல் அல்ல. அந்த வேகத்தில் இலையின் தாக்குகோணம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடுகிறது. முதுகு வளைந்த வடிவம் காரணமாகத்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

சுருங்கச் சொன்னால், விட்டம் எவ்வளவு காற்றை வாருகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. புரியும் சுழற்சியும் சேர்ந்து, எந்த வேகம் வரை இழுப்பு நீடிக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

## கியர் இல்லாத சைக்கிளும் கியர் வைத்த சைக்கிளும்

இலையின் சாய்வை மாற்ற முடியாத புரொப்பெல்லர், ஒரே கியர் உள்ள சைக்கிளைப் போன்றது. மேடு ஏற வசதியாக அமைத்தால் சமவெளியில் கால் வீணாகச் சுற்றும்; சமவெளிக்கு அமைத்தால் மேட்டில் மிதிக்கவே முடியாது. தட்டையான இலை கிளம்பவும் மேலேறவும் நன்று. முறுக்கேறிய இலை விரைந்து பறக்க நன்று. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓரிடத்தில் சமரசம் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் கதை இதைக் கண்முன் நிறுத்துகிறது. தொடக்கத்தில் படைக்கு வந்த ஸ்பிட்ஃபயர்களுக்கு மரத்தாலான இரண்டு இலைப் புரொப்பெல்லர், சாய்வு நிலையானது. மேலே போனபின் விரைந்தது. ஆனால் ஓடுபாதையில் தயங்கித் தயங்கிக் கிளம்பியது. அடுத்து, இரண்டு நிலைச் சாய்வு கொண்ட மூன்று இலைப் புரொப்பெல்லர் வந்தது. 1940 கோடையில், பிரிட்டன் வான்போர் நெருங்கிய வாரங்களில், தொழிற்சாலைப் பொறியாளர்கள் விமானத்தளங்களுக்கே போய் அவற்றைச் சீர்வேகப் புரொப்பெல்லர்களாக மாற்றிக்கொடுத்தார்கள். சீர்வேகப் புரொப்பெல்லர் என்பது, இயந்திரத்தின் சுழற்சியை ஒரே அளவில் வைத்திருக்கும்படி தன் இலைச் சாய்வைத் தானே மாற்றிக்கொள்வது; தானாக மாறும் கியர் என்று வைத்துக்கொள்ளலாம். இயந்திரத்தில் ஒரு குதிரைத்திறனும் கூட்டாமல் கிளம்பும் தூரம் குறைந்தது, மேலேறும் வேகம் கூடியது. கையில் இருந்த திறன் அதுவரை சரியாகப் பயன்படாமல் கிடந்திருக்கிறது.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஏடிஆர் 72 விமானத்தில் போகும்போது இதை நீங்களே பார்க்கலாம். நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தின் ஆறு இலைகளும் கத்தி முனையைக் காட்டுவதுபோலத் தம் விளிம்பை முன்னால் திருப்பி நிற்கும். பறக்கும்போது இயந்திரம் நின்றுபோனால் காற்றுக்குக் குறுக்கே நின்று தடுக்காமலிருக்க இதே நிலைக்குத்தான் இலைகள் போகும். இயந்திரத்தை முடுக்கியதும் அவை மெல்லத் திரும்பித் தட்டையாவதைச் சன்னலோர இருக்கையிலிருந்து கவனியுங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

## வேகம் ஏன் இவ்வளவு விலை கேட்கிறது

இதுவரை கையிருப்பைப் பார்த்தோம். இனிச் செலவு. ஓடும் பஸ்ஸின் சன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டினால் கையைப் பின்னுக்குத் தள்ளுகிறதே, அது காற்றுத்தடை. வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தடை நான்கு மடங்காகும்.

சீராகப் பறக்கும் விமானத்தில் உந்துவிசையும் காற்றுத்தடையும் சமம். "சமம் என்றால் விமானம் நின்றுவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நிற்காது. இரண்டும் சமமாக இருந்தால் வேகம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது, அவ்வளவுதான். முழுத் திறனில் பறக்கும்போது, வேகத்தோடு இறங்கிவரும் உந்துவிசையும் வேகத்தோடு ஏறிவரும் தடையும் ஓரிடத்தில் சந்திக்கும். அதுவே உச்ச வேகம்.

இப்போது முதல் சூத்திரத்தை மறுபடியும் எடுங்கள். தேவையான திறன் என்பது தடையை வேகத்தால் பெருக்கியது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. அதை இரண்டு மடங்கு வேகத்தில் வெல்ல வேண்டும். ஆகவே திறன் எட்டு மடங்கு! வேகத்தின் மும்மடியில் திறன் ஏறுகிறது. இதையே திருப்பிப் பார்த்தால், திறனை இரண்டு மடங்காக்கினால் வேகம் 26 சதவீதம்தான் கூடும்.

மறுபடியும் ஸ்பிட்ஃபயர். முதல் வகைக்குச் சுமார் 1030 குதிரைத்திறன், வேகம் மணிக்குச் சுமார் 580 கி.மீ. பின்னால் வந்த 14-ஆம் வகைக்கு ஐந்து இலைப் புரொப்பெல்லர், சுமார் 2050 குதிரைத்திறன், வேகம் சுமார் 720 கி.மீ. திறன் இரட்டித்தது, வேகம் 24 சதவீதம் கூடியது. எடை, பறந்த உயரம், உடல் வடிவம் எல்லாம் இடையில் மாறிவிட்டதால் இதைத் துல்லியமான சோதனை என்று கொள்ளக் கூடாது. ஆனாலும் மும்மடிக் கணக்கு எவ்வளவு பிடிவாதமானது என்பது தெரிகிறது. தடையைக் குறைக்காமல் இயந்திரத்தை மட்டும் பெரிதாக்கி வேகத்தை வாங்குவது மிகவும் செலவான வழி.

ஆனால் இந்தக் கணக்கு வேகமான பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். மெதுவான பக்கத்தில் வேறொரு செலவு இருக்கிறது; பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். குளத்தில் நீந்துபவர் மெல்லக் கைவீசிப் போனால் களைப்பதில்லை. ஒரே இடத்தில் நின்றபடி தலையை நீருக்கு மேலே வைத்திருக்கச் சொன்னால் சீக்கிரமே களைத்துவிடுவார். விமானமும் மெதுவாகப் போகும்போது எடையைத் தாங்க மூக்கைத் தூக்கி, இறக்கையின் தாக்குகோணத்தை அதிகமாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு விலையாக ஒரு தடை கூடவே வருகிறது. இதற்குத் தூண்டு தடை என்று பெயர் வைத்துக்கொள்வோம். மற்றத் தடைக்கு நேர்மாறாக, இது வேகம் குறையக் குறைய வளரும்.

இரண்டையும் கூட்டினால், நடுவில் ஓரிடத்தில் மொத்தத் தடை மிகக் குறைவாக இருக்கும். தேவைப்படும் திறன் மிகக் குறைவாக இருப்பது அதே இடத்தில் அல்ல. அதைவிடச் சுமார் கால் பங்கு குறைந்த வேகத்தில். அதற்கும் கீழே போனால், மெதுவாகப் பறக்க அதிகத் திறன் வேண்டும் என்ற தலைகீழ் நிலை. தரையிறங்க வரும்போது உயரம் போதாதென்று மூக்கை மட்டும் தூக்கும் புதிய விமானி இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்: வேகம் குறைகிறது, தடை கூடுகிறது, விமானம் முன்னைவிட விரைவாகக் கீழே அமிழ்கிறது. ஆகவே இதை ஏட்டுக் கணக்கென்று ஒதுக்கிவிட முடியாது. உயிரைக் காக்கும் அறிவு இது.

## மிச்சத்தில்தான் ஏற்றம்

மேலேறுவது பற்றிச் சுருக்கமாக. பறக்கத் தேவையான திறன் போக மிச்சம் எவ்வளவோ, அது எடையைத் தூக்கப் பயன்படும். செஸ்னா 172எஸ் முழு எடையில் 1157 கிலோ; கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும். விநாடிக்கு 3.7 மீட்டர். எடையை வேகத்தால் பெருக்கினால் 42 கிலோவாட், அதாவது 56 குதிரைத்திறன். 180-இல் தூக்குவதற்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு! மீதியில் ஒரு பகுதி காற்றுத்தடைக்கு, ஒரு பகுதி புரொப்பெல்லர் கலக்கிவிட்ட காற்றுக்கு. விரைவாக உயரம் பெற மிச்சத் திறன் வேண்டும்; ஓடுபாதை முடிவில் நிற்கும் மரத்தைத் தாண்டச் செங்குத்தாக ஏற வேண்டுமானால் மிச்ச உந்துவிசை வேண்டும். விமானிகள் இரண்டுக்கும் வெவ்வேறு வேகங்களை மனப்பாடம் செய்துகொள்வது இதனால்தான்.

## புரொப்பெல்லரின் எல்லையும் ஜெட்டின் கணக்கும்

திறனைக் கூட்டிக்கொண்டே போனால் புரொப்பெல்லரால் எந்த வேகத்தையும் எட்ட முடியுமா? இலையின் நுனி தடுக்கிறது. நுனி சுற்றவும் வேண்டும், விமானத்தோடு முன்னேறவும் வேண்டும். செஸ்னாவின் இலை நுனி சுற்றும் வேகமே விநாடிக்கு 270 மீட்டரைத் தாண்டும். ஒலியின் வேகம் தரைமட்டத்தில் சுமார் 340 மீட்டர். நுனி ஒலிவேகத்தை நெருங்கியதும் அதிர்வலைகள் உருவாகித் திறனை விழுங்குகின்றன. இரைச்சலும் தாங்க முடியாததாகிறது. சோவியத் நாட்டின் டியூ-95 விமானம் நான்கு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15,000 குதிரைத்திறன், எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர்கள் என்று வைத்துக்கொண்டு மணிக்கு 900 கி.மீ.யைத் தாண்டியது. அந்த எல்லையை மெதுவான சுழற்சியாலும் மாபெரும் விட்டத்தாலும் சற்றுத் தள்ளிப்போட முடிந்தது. அழிக்க முடியவில்லை.

ஜெட் இயந்திரத்தின் குணம் வேறு. வேகம் மாறினாலும் அதன் உந்துவிசை, புரொப்பெல்லரோடு ஒப்பிட்டால், அவ்வளவாகச் சரிவதில்லை. அதனால் வேகம் கூடக் கூட அது தரும் பயனுள்ள திறன் ஏறுகிறது. 100 கிலோநியூட்டன் உந்துவிசை, ஓடுபாதையில் பிரேக் போட்டு நிற்கும்போது பூச்சியம் வாட். விநாடிக்கு 250 மீட்டரில் 25,000 கிலோவாட். ஜெட் இயந்திரங்களை உந்துவிசையிலும் புரொப்பெல்லர் இயந்திரங்களைக் குதிரைத்திறனிலும் அளப்பதற்கு இதுவே காரணம். எது அதிகம் மாறாமல் இருக்கிறதோ, அதைத்தானே அளவாகச் சொல்ல முடியும்?

## மைதானத்து விடை

அந்த மாணவியோடு சேர்ந்து கணக்குப் போட்டோம். முதல் குழுவின் புரொப்பெல்லருக்கு 4 அங்குலப் புரி, நிமிடத்துக்குச் சுமார் 7,500 சுற்று. பெருக்கினால் மணிக்கு 46 கி.மீ. அந்த வேகத்தை நெருங்கும்போதே இலைகளின் தாக்குகோணம் தீர்ந்துவிடும். தராசில் இருந்த ஒரு கிலோவில் அங்கே அதிகம் மிஞ்சாது. இரண்டாம் குழுவுக்கு 7 அங்குலப் புரி, சுமார் 9,800 சுற்று. மணிக்கு 105 கி.மீ. வரை இழுக்க இடமுண்டு. நிற்கும்போது 600 கிராம்தான் இழுத்ததற்கு, விட்டம் சிறியது என்பது ஒரு காரணம். நின்ற நிலையில் முறுக்கேறிய இலைகளின்மேல் காற்று சிதறிக்கொண்டிருந்தது மற்றொன்று. அந்த விமானத்தைப் பறக்கவிட ஒரு மாணவர் பத்தடி ஓடி வந்து பலமாக எறிய வேண்டியிருந்ததை அப்போதுதான் எல்லோரும் நினைவுகூர்ந்தார்கள். முதல் விமானமோ கையை விட்டதும் தானாக எழும்பியிருந்தது.

மறுநாள் எடை சுமக்கும் போட்டி இருந்தது. 8 அங்குலப் புரொப்பெல்லருக்கு மாறிவிடலாமா என்று இரவு முழுவதும் யோசித்த முதல் குழு, 11 அங்குலத்தையே வைத்துக்கொண்டது.